மடியும் ஆசனமும்

சென்ற ஆண்டு எமது கல்லூரியின் இல்ல விளையாட்டுப் போட்டியன்று பழைய மாணவர் ஒருவர் குடும்பத்தோடு தமது காரில் வந்திறங்கினார். எட்டு மாதக் கைக்குழந்தை முன்னாசனத்தில் தாயின் மடியில் இருந்தது. ஐந்து வயது மகன் பின்னாசனத்தில் எழுந்து நின்று, இரு முன்னாசனங்களுக்கும் இடையே தலையை நீட்டி வீதியைப் பார்த்தபடி வந்தான். “தம்பி, பிள்ளைகளுக்கென ஆசனம் வாங்கிப் பொருத்தினால் என்ன?” என்று கேட்டேன். “தாயின் மடியிலும் பாதுகாப்பான இடம் உண்டோ, ஐயா?” என்று அவர் சிரித்தபடி கூறினார். தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் அவ்வினாவின் அழகை மெச்சினேனேயன்றி, அன்று அதற்கு விடை கூற என்னால் இயலவில்லை. பின்னர்ப் பௌதிக ஆசிரியராகிய நண்பரிடம் கேட்டும் நூல்களைப் பயின்றும் அறிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றேன்.

மோட்டார் வண்டி விரையும்பொழுது அதனுள் இருப்போரும் அதே வேகத்துடன் செல்கின்றனர். வண்டி எதனுடனேனும் மோதி நின்றுவிடினும் அவர்தம் உடல் நிற்பதில்லை. தடுப்பது ஒன்று இல்லையேல் முன்னோக்கிச் சென்றுகொண்டேயிருக்கும். இதனையே சடத்துவம் என்பர். மணிக்கு 50 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு ஏறத்தாழ 14 மீற்றர். 10 மீற்றர் உயரமுள்ள பனையின் உச்சியிலிருந்து விழும் பொருள் நிலத்தை அடையும் வேகமும் இதுவே. இவ்வேகத்தில் மோதும் வண்டி செக்கனின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிடுவதாகக் கொள்வோம். அந்நேரத்தில் 10 கிலோகிராம் நிறையுள்ள குழந்தையை விடாது பிடித்திருத்தற்குத் தாயின் கைகள் ஏறத்தாழ 140 கிலோகிராம் பாரத்தைத் தாங்குவதற்கு ஒப்பான விசையைத் தாங்கல் வேண்டும். எத்துணை அன்புடைய கைகளுக்கும் இஃது இயலாத செயல். தாயையும் சேயையும் ஒரே பட்டியினாற் பிணைப்பதோ அதனினும் தீது. தாயின் உடலே குழந்தையைப் பட்டியோடு சேர்த்து நசுக்கிவிடும்.

அங்ஙனமாயின், குழந்தையைப் பின்னாசனத்தில் இருத்தி, அங்குள்ள பட்டியை மாட்டிவிட்டாற் போதாதோ எனச் சிலர் வினவலாம். ஈண்டுதான் ஆசனத்தின் அமைப்பை நாம் நோக்குதல் வேண்டும். பின்னாசனம் வளர்ந்தோரின் அளவுக்கு அமைக்கப்பட்டது. அதன் இருக்கை வளர்ந்தோரின் தொடை நீளத்துக்கு ஏற்றது. சிறுவன் அதில் முதுகு சாய அமர்ந்தால் அவனுடைய முழங்கால் இருக்கையின் விளிம்பை எட்டாது. ஆதலின் அவன் காலை மடக்குதற்காக முன்னே சரிந்து அமர்கின்றான். அப்பொழுது தொடையின் மேல் இருக்கவேண்டிய இடுப்புப்பட்டி வயிற்றின் மீது ஏறிவிடுகின்றது. வளர்ந்தோரின் இடுப்பெலும்பு பட்டியைப் பற்றி நிறுத்தும் மேடு போன்றது. சிறுவரிடத்து அம்மேடு இன்னும் உருவாகவில்லை. எனவே மோதலின்போது பட்டி குடலையும் ஈரலையும் அழுத்துகின்றது. தோட்பட்டியோ கழுத்தை உரசுகின்றது; சிறுவன் அதனை அக்குளின் கீழே தள்ளிவிடுகின்றான். சிறுவன் சிறியதோர் ஆடவன் அல்லன் என்பதே இதனால் நாம் அறியும் உண்மை.

இவ்வுண்மையை ஆராய்ந்து வழிகண்ட நாடுகளுள் சுவீடன் முதன்மையானது. முன்னர் விமானங்களின் வெளியேற்று ஆசனங்களை அமைத்த நீல்ஸ் போலின் என்னும் பொறியியலாளர், 1959ஆம் ஆண்டு வொல்வோ நிறுவனத்தில் இடுப்பையும் மார்பையும் ஒருங்கே பிணைக்கும் மும்முனைப் பட்டியை உருவாக்கினார். அந்நிறுவனம் அவ்வாக்கவுரிமையைத் தனக்கெனப் பூட்டி வைக்காது, யாவரும் பயன்படுத்த விட்டது. ஆயின், அப்பட்டி வளர்ந்தோர்க்கே பொருந்திற்று. குழந்தைகளுக்கு வழிகண்டவர் பேட்டில் ஆல்ட்மன் என்னும் சுவீடன் நாட்டு வைத்தியர். அமெரிக்காவின் ஜெமினி விண்கலத்தில் வீரர்கள் மல்லாந்து சாய்ந்திருந்து, உந்துவிசையை முதுகு முழுவதாலும் தாங்குவதை அவர் கவனித்தார். பச்சிளங் குழந்தையின் தலை உடல் நீளத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு, கழுத்தோ மெல்லியது. முன்னோக்கி இருக்கும் குழந்தை மோதலின்போது தலை முன்னே வீசப்பட்டுக் கழுத்து முறிய நேரலாம். பின்னோக்கி இருக்குமாயின், தலை, கழுத்து, முதுகு ஆகிய மூன்றையும் ஆசனத்தின் முதுகே ஏந்திக்கொள்ளும். இவ்வெண்ணத்தின்படி அவர் அமைத்த ஆசனம் 1964ஆம் ஆண்டு பரிசோதிக்கப்பட்டது. சுவீடனில் நான்கு வயதளவும் பிள்ளைகளைப் பின்னோக்கி இருத்தும் வழக்கம் அதிலிருந்து வளர்ந்ததே.

பின்னர்ப் பின்னாசனத்தின் அமைப்பும் மாறலாயிற்று. பிள்ளை ஆசனத்தைப் பட்டியினாற் கட்டுங்கால் பலர் பிழையாகக் கட்டினர். அக்குறை நீங்க, இருக்கையும் முதுகும் சேரும் இடத்தில் இரு உருக்குக் கம்பிகளை வண்டியின் சட்டத்தோடு பொருத்தி, பிள்ளை ஆசனத்தை அவற்றில் நேரே பூட்டும் முறை வகுக்கப்பட்டது. ஐசோபிக்ஸ் எனப்படும் இம்முறை 1999ஆம் ஆண்டு அனைத்துலக நியமமாயிற்று. ஐக்கிய நாடுகளின் 129ஆம் இலக்கப் பிரமாணம் 2013இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பதினைந்து மாதம் நிரம்பும்வரை குழந்தையைப் பின்னோக்கியே இருத்தல் வேண்டும். தக்க ஆசனத்தைப் பயன்படுத்துவதால், கார் விபத்துகளில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மரண அபாயம் 71 வீதமும், ஒன்று முதல் நான்கு வயதினரின் அபாயம் 54 வீதமும் குறைவதாக அமெரிக்க அரசின் வீதிப் பாதுகாப்பு நிறுவனம் கணித்துள்ளது.

இனி, பெற்றோர் செய்யவேண்டுவன சில. கைக்குழந்தையைப் பின்னோக்கிய ஆசனத்திலேயே இருத்துக. முன்புறக் காற்றுப்பை இயங்கும் நிலையிலுள்ள இடத்தில் அவ்வாசனத்தை ஒருபோதும் வையற்க. விரியும் பையே குழந்தையைக் கொல்லவல்லது. பின்னோக்கிய ஆசனத்தின் அளவைக் கடந்த பிள்ளைக்குத் தோளையும் இடுப்பையும் தனிப்பட்டிகளாற் பிணைக்கும் முன்னோக்கிய ஆசனம் ஏற்றது. அதனையும் கடந்தபின், உடலை உயர்த்தும் மேலிருக்கை வேண்டும். அதனால் இடுப்புப்பட்டி தொடைக்கும் தோட்பட்டி தோளின் நடுவுக்கும் வந்து பொருந்தும். ஐரோப்பிய நாடுகள் 135 அல்லது 150 சென்ரிமீற்றர் உயரம் வரை இத்தகைய சாதனங்களை வேண்டுகின்றன. எனவே பிறந்தநாளை எண்ணுவதிலும், பிள்ளையின் உயரத்தை அளந்து பார்ப்பதே தக்கது. ஒருமுறை கடும் மோதலுக்கு உட்பட்ட ஆசனத்தை மீண்டும் பயன்படுத்தலாகாது.

கல்லூரிக்குப் பிள்ளைகளோடு வண்டியில் வருகின்ற பழைய மாணவர்க்கும், நாளை வண்டி செலுத்தப்போகும் இன்றைய மாணவர்க்கும் ஒன்று கூறுவேன். பயணம் அரை மைல் தூரமேயாயினும் சடத்துவத்தின் விதி மாறுவதில்லை. அன்று என்னை வினவிய அன்பர் இம்மலரைப் படிப்பாராயின், என் விடை இது: தாயின் மடியிலும் இனிய இடம் உலகில் இல்லை. ஆயின், தம்பி, வண்டி நின்றபின் குழந்தை அம்மடிக்குத் திரும்பி வருதல் வேண்டும். அதற்காகவே ஆசனம்.