நிழல் விழும் எழுத்துகள்

குழந்தைகளே, எங்கள் பல்லடம் வழியாகத்தான் கோவை - திருச்சி சாலை போகிறது. அதில் ஓடும் லாரிகளின் நெற்றியைக் கவனித்திருக்கிறீர்களா? சாமி பெயரோ, முதலாளியின் பிள்ளைகள் பெயரோ தடித்த மஞ்சள் எழுத்தில் இருக்கும். ஓரத்தில் சிவப்புக் கோடு. ஒரு பக்கம் மட்டும் கறுப்பு நிழல். எழுத்து பலகையை விட்டு எழுந்து நிற்பதுபோலத் தோன்றும். அலங்கார எழுத்து என்பது இதுதான்.

அந்த நிழலை இஷ்டம்போல் போட முடியாது. வெளிச்சம் இடப்பக்க மேல் மூலையிலிருந்து வருவதாக ஓவியர் மனதில் வைத்துக்கொள்வார். அப்படியானால் எல்லா எழுத்துக்கும் நிழல் வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும்தான் விழ வேண்டும். ஓர் எழுத்துக்கு மாற்றிப் போட்டால்கூடக் கண் உறுத்தும். 'ழ', 'ஞ' போன்ற வளைவான எழுத்துகளுக்கு நிழல் போட்டுப் பாருங்கள், சிரமம் புரியும்!

அச்சுத் தொழிலிலும் இப்படிப் பெரிய எழுத்துகள் தேவைப்பட்டன. ஈயத்தில் வார்த்தால் கனம் அதிகம், செலவும் அதிகம். 1827-ல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் என்பவர் மர எழுத்துகளை இயந்திரத்தால் குடைந்து எடுக்கும் வழியைக் கண்டார். சர்க்கஸ், நாடகச் சுவரொட்டிகளில் கொழுத்த எழுத்துகள் பெருகின. தமிழ் அச்சகங்களிலும் சுவரொட்டிக்கு மர எழுத்துகள் இருந்தன.

இவ்வகை எழுத்து தலைப்புக்கும், கடைப் பெயருக்கும், அழைப்பிதழின் முகப்புக்கும் அழகு. ஒரு பக்கம் முழுக்க அதிலேயே அச்சிட்டால் யாரும் படிக்க மாட்டார்கள். (விடைத்தாளில் முயன்ற மாணவர்களை எனக்குத் தெரியும்!)

பிளெக்ஸ் பேனர் வந்தபின் தூரிகை பிடித்தவர்களுக்கு வேலை குறைந்தது. அவர்கள் கையெழுத்தும் சேர்ந்து மறைந்துவிடுமே என்று டெல்லியில் ஹனீப் குரேஷி என்ற ஓவியர் கவலைப்பட்டார். தெரு ஓவியர்களைத் தேடிப் போய் எழுதி வாங்கி, கணினி எழுத்துருக்களாக மாற்றினார். ஓர் எழுத்துருவின் பெயரே 'பெயின்டர் கபீல்'! எழுதியவர் பெயரையே வைத்துவிட்டார். குரேஷி 2024-ல் காலமானார். எழுத்துருக்கள் இருக்கின்றன.

தமிழில் பழைய பாணி எழுத்துரு செய்பவருக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. 'லை', 'னை' இரண்டையும் எப்படி வரைவது? முன்பு இவற்றின் தலையில் யானைத் தும்பிக்கைபோல ஒரு சுழி இருந்தது. 'ணா', 'றா', 'னா'வுக்கும் வேறு உருவம். பெரியார் 1935 முதலே தம் 'குடி அரசு' இதழில் இவற்றை மாற்றி அச்சிட்டார். தமிழக அரசு 1978-ல் ஏற்றது. 13 எழுத்துகள் மாறின. கணினியில் நாம் தட்டுவது அதே 'லை'தான். தும்பிக்கை வேண்டுமா, வேண்டாமா என்பது எழுத்துரு செய்பவர் கையில் இருக்கிறது. பழைய பாணி என்று சொல்லிவிட்டுத் தும்பிக்கையை விட்டுவிட்டால் எனக்கு ஒப்பாது.

பாட்டி வீட்டுப் பித்தளை, எவர்சில்வர் பாத்திரங்களில் பெயர் பொறித்திருக்கும். 'லை', 'னை' வருகிறதா என்று தேடுங்கள். தும்பிக்கை இருந்தால் 1978-க்கு முன் வாங்கியதாக இருக்கலாம். உறுதியாகச் சொல்ல முடியாது; பெயர் பொறிப்பவர்களில் சிலர் அதன் பிறகும் பழைய பழக்கத்தை விடவில்லை. எதற்கும் பாட்டியையே கேட்டுவிடுங்கள்.