சிம்னி ஃபில்டரும் எண்ணெய்ப் பிசுக்கும்

அடுப்புக்கு மேலே பொருத்தப்படும் சிம்னியில், புகையோடு எழும் எண்ணெயைத் தடுத்து நிறுத்துவது ஃபில்டர். அது தடுத்த எண்ணெய் அதிலேயே தங்கிவிடும். அதை அவ்வப்போது கழுவி எடுக்காவிட்டால் காற்று போகும் வழி அடைபடும், மோட்டார் சூடேறும், சத்தம் கூடும், புகை மீண்டும் சமையலறைக்கே திரும்பும்.

திருத்தணிப் பகுதியின் சமையலுக்கு இது மிகவும் பொருந்தும். 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்த ஊர் இது. தமிழும் தெலுங்கும் அடுப்படியிலும் கலந்தே இருக்கின்றன. பப்புக்கும் சாம்பாருக்கும் காய்ந்த மிளகாய் கிள்ளிப் போட்டுத் தாளிப்பார்கள். புளியோதரைக்கு நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றுவார்கள். புளிச்சகீரையை எண்ணெயில் சுருள வதக்குவார்கள். முருகன் கோயிலின் 365 படிகளை ஏறிவரும் பக்தர்கள் ஆடிக் கிருத்திகைக்குத் திரளும்போது, அடிவாரத்து உணவகங்களில் வடைச்சட்டிக்கு ஓய்வே இருக்காது.

தாளிக்கும்போதும் பொரிக்கும்போதும் பொருளில் உள்ள ஈரம் சூடான எண்ணெயில் பட்டு நொடியில் ஆவியாகும். அந்த ஆவி வெடித்துக் கிளம்புகையில் எண்ணெயை நுண்துளிகளாக மேலே தூக்கிச் செல்லும். உயர்வெப்பத்தில் பொரிக்கும்போது எழும் புகையை, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோயை அநேகமாக உண்டாக்கக்கூடியவை என்ற 2A பிரிவில் சேர்த்திருக்கிறது. சமைப்பவரின் மூச்சுக்கு அருகிலிருந்து இந்தப் புகையை அகற்றவே சிம்னி.

ஃபில்டரில் முதலில் படிவது வெறும் எண்ணெய்தான். நாளாக ஆக, காற்றிலுள்ள ஆக்சிஜன் அதன் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைக்கிறது. எண்ணெய் பிசுபிசுத்து, பின்பு பிசினாகி, கடைசியில் வார்னிஷ் போல இறுகுகிறது. மரக்கதவுக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெய் காய்ந்து படலமாவதும் இதே முறையில்தான். சூரியகாந்தி எண்ணெய் தேங்காய் எண்ணெயைவிட வேகமாக இப்படி இறுகும். ஆகவே பத்து நாள் பிசுக்கு சுடுநீருக்கும் சோப்புக்கும் கரைந்துவிடும். ஆறு மாதப் பிசுக்கைக் கரைக்கக் காரம் வேண்டும்.

காரம் எண்ணெயோடு சேர்ந்தால் அதில் ஒரு பகுதி சோப்பாகவே மாறி நீரில் கரையும். எண்ணெய்ப் பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் துலக்கியதும், சலவைக்கு உவர்மண்ணைப் பயன்படுத்தியதும் இந்தக் குணத்துக்காகத்தான். சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட், உவர்மண்ணில் சோடியம் கார்பனேட். கடையில் சலவை சோடா என்று விற்பதும் சோடியம் கார்பனேட்டே. ஆப்ப சோடா இதைவிட மிகவும் மென்மையான காரம்.

எந்தக் காரம் என்று முடிவு செய்யுமுன் ஃபில்டரின் உலோகத்தைப் பார்க்க வேண்டும். வளைந்த தகடுகள் வரிசையாக அமைந்தது பேஃபிள் ஃபில்டர். பெரும்பாலும் எவர்சில்வரில் வருவது. புகை வளைந்து வளைந்து செல்ல, எடை மிகுந்த எண்ணெய்த் துளிகள் திரும்ப முடியாமல் தகட்டில் மோதி வழியும். பல அடுக்கு வலையால் ஆனது மெஷ் ஃபில்டர், பெரும்பாலும் அலுமினியம். எவர்சில்வர் சலவை சோடாவைத் தாங்கும். அலுமினியத்தைக் காரம் அரிக்கும், நிறத்தைக் கறுக்கவைக்கும். காஸ்டிக் சோடா இன்னும் கடுமையானது. அலுமினியத்தைக் கரைத்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும்.

கழுவுமுன் அடுப்பை அணைத்து, சிம்னியின் மின்இணைப்பைத் துண்டித்து, சூடு ஆறியபின் ஃபில்டரைக் கழற்ற வேண்டும். தகட்டு விளிம்புகள் கையைக் கிழிக்கும் என்பதால் ரப்பர் கையுறை அவசியம்.

எவர்சில்வர் ஃபில்டருக்கு, அகன்ற டப்பில் கை பொறுக்காத சூட்டில் ஐந்து லிட்டர் நீர் எடுத்து, 50 கிராம் சலவை சோடாவும் கொஞ்சம் பாத்திரம் கழுவும் லிக்விடும் கலக்க வேண்டும். ஃபில்டர் முழுதும் முங்கும்படி அரைமணி நேரம் ஊறவிட்டால் பிசுக்கு தளரும். பழைய பல் பிரஷால் இடுக்குகளைத் தேய்த்து, சுத்தமான சுடுநீரில் அலசலாம். முதல் முறை முழுதும் போகவில்லையென்றால் புதுநீரில் மறுபடி ஊறவைப்பதே நல்லது. கத்தியால் சுரண்டினால் கீறல் விழுந்து, அடுத்த முறை பிசுக்கு இன்னும் இறுகப் பற்றும்.

அலுமினிய வலைக்குச் சுடுநீரும் லிக்விடும் போதும். ஆப்ப சோடா சேர்ப்பதானால் சிறிதளவு, பத்துப் பதினைந்து நிமிடம் மட்டும். அதைப் போட்டுக் கொதிக்கவைக்கக் கூடாது. கொதிக்கும்போது ஆப்ப சோடா சலவை சோடாவாக மாறிவிடும். கம்பி நாரும் வலையைச் சிதைக்கும்.

ஆப்ப சோடாவோடு வினிகரைக் கலப்பது பரவலான பழக்கம். நுரை பொங்குவதால் வேலை நடப்பதாகத் தோன்றும். காரமும் அமிலமும் ஒன்றையொன்று முறித்துக்கொள்வதால் பிசுக்கைக் கரைக்கும் சக்தி குறைவதே உண்மை. பிளீச்சிங் கரைசலோடு அமிலம் சேர்ந்தால் நச்சான குளோரின் வாயு வெளிப்படும். அதை ஒருபோதும் செய்யக் கூடாது.

ஃபில்டர் வெளியே இருக்கும்போதே சிம்னியின் உட்பக்கத்தை லிக்விட் நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்கலாம். மோட்டார்மீது நீர் படக்கூடாது. ஃபில்டரிலிருந்து வழியும் எண்ணெய் சேரும் கிண்ணத்தில் தேங்கியதைச் சாக்கடையில் ஊற்றினால் குழாய் அடைக்கும். பழைய செய்தித்தாளில் உறிஞ்சவைத்துக் குப்பையில் சேர்க்க வேண்டும். கழுவிய ஃபில்டரைச் சாய்த்து வைத்து, ஈரம் துளியும் இல்லாமல் உலர்ந்தபின் மாட்ட வேண்டும்.

சில சிம்னிகளில் வரும் கரி ஃபில்டரைக் கழுவ முடியாது, மாற்றத்தான் வேண்டும். ஆட்டோ கிளீன் வகைச் சிம்னியில் உள்ளிருக்கும் ஹீட்டர் பிசுக்கை உருக்கிக் கிண்ணத்தில் இறக்கும். உருகாமல் இறுகிப்போன படலத்தை அதனால் நீக்க முடியாது என்பதால், அதையும் இடையிடையே கையால் சுத்தம் செய்ய வேண்டும்.

அன்றாடம் தாளிப்பும் பொரிப்பும் நடக்கும் வீட்டில் வலை ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும் பேஃபிளை மாதம் ஒருமுறையும் கழுவுவது நல்லது. பண்டிகைப் பலகாரம் சுட்ட மறுநாள் கழுவினால் வேலை பாதியாகும். சந்தேகம் வந்தால் மோட்டாரை ஓடவிட்டு ஒரு மெல்லிய காகிதத்தை ஃபில்டரில் ஒட்டிப் பார்க்கலாம். நிற்காமல் விழுந்தால் வழி அடைபட்டிருக்கிறது.

பிசுக்கு ஏறிய ஃபில்டர் எரிபொருளும்கூட. வாணலியில் எழும் சுவாலை அதைப் பற்றினால், இழுக்கும் காற்று தீயைக் குழாய்க்குள் கொண்டுபோகும். அப்போது அடுப்பையும் சிம்னியையும் அணைத்து, வாணலியைத் தட்டால் மூட வேண்டும். எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.