பைத்தான் பிழையை யார் திருத்துகிறார்கள்?

பைத்தான் நிரல்மொழியில் ஒரு பாதுகாப்பு ஓட்டை இருப்பதாக 2007 ஆகஸ்டில் புகார் வந்தது. அந்த ஓட்டை, பயன்படுத்துபவர் எதுவும் செய்யாமலே தானாக அடைபட்டது 2025 அக்டோபரில். நடுவில் 18 ஆண்டுகள். அதுவரை யாரும் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. புகார் வந்தபோதே படித்தார்கள், விவாதித்தார்கள், பதிலும் சொன்னார்கள். பதில் இதுதான்: "இது பிழையே இல்லை."

ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில் பிழை திருத்துவது என்றாலே, நள்ளிரவில் கண் விழித்து நிரல் எழுதும் காட்சிதான் பலர் மனதில் வரும். உண்மையில், திருத்தம் பெரும்பாலும் சில வரிகளில் முடிந்துவிடுகிறது. நாள்கள் கரைவது வேறு இரண்டு கேள்விகளில். இது பிழைதானா? திருத்தினால் யாருடைய நிரல் உடையும்?

முதலில் அந்த 18 ஆண்டுக் கதை. பல கோப்புகளை ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்ப யூனிக்ஸ் காலத்திலிருந்து இருக்கும் வடிவம் 'டார்'. மூட்டைக்குள் ஒவ்வொரு கோப்பின் பெயரும், அது போய் உட்கார வேண்டிய இடமும் எழுதப்பட்டிருக்கும். பெயருக்கு முன்னால் இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் போட்டால், 'ஒரு ஃபோல்டர் மேலே போ' என்று அர்த்தம். கெட்ட எண்ணம் கொண்ட ஒருவர் அப்படி நாலைந்து முறை மேலே ஏறச் சொல்லும் பெயரை வைத்து மூட்டை கட்டினால், நீங்கள் 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டருக்குள் பிரித்த மூட்டையிலிருந்து ஒரு கோப்பு வெளியே நழுவி, உங்கள் கணினியின் வேறு ஏதோ ஒரு முக்கியமான கோப்பின் மேல் போய் விழும். பழைய கோப்பு அழிந்து, அந்த இடத்தில் அவருடையது உட்கார்ந்திருக்கும்.

2007இல் பைத்தான் தரப்பு சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. டார் வடிவத்துக்கென ஒரு தரநிலை உண்டு. பைத்தான் அதன்படிதான் நடக்கிறது. எனவே ஆவணத்தில் ஓர் எச்சரிக்கை சேர்க்கப்பட்டது: நம்பிக்கையில்லாத இடத்திலிருந்து வரும் மூட்டையைச் சோதிக்காமல் பிரிக்காதீர்கள். புகார் மூடப்பட்டது.

ஆவணத்தின் எச்சரிக்கையை எத்தனை பேர் படிப்பார்கள்? 2022இல் டிரெல்லிக்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது இந்த ஓட்டையில் இடறினார். புதிய ஓட்டை என்றே முதலில் நினைத்தார். பிறகுதான் அதற்கு 2007ஆம் ஆண்டின் பதிவு எண் இருப்பது தெரிந்தது. சுமார் 3,50,000 ஓப்பன் சோர்ஸ் திட்டங்கள் இதனால் பாதிக்கப்படக்கூடும் என்று அந்நிறுவனம் மதிப்பிட்டது. 2023 தொடக்கத்துக்குள் 61,000க்கும் மேற்பட்ட திட்டங்களுக்கு, பெருமளவு தானியங்கி முறையிலேயே, திருத்தங்களை அனுப்பிவைத்தது. ஒரே இடத்தில் அடைக்காத ஓட்டையை 61,000 வீட்டில் போய் அடைக்க வேண்டியிருந்தது. 2007இல் சொன்ன பதில் சட்டப்படி சரி, நடைமுறையில் தவறு என்பதே என் கருத்து.

சரி, உடனே மாற்றிவிட வேண்டியதுதானே? முடியாது. முழு கணினியையும் பேக்கப் எடுத்து, அதே இடத்தில், அதே உரிமையாளர் பெயரில் திரும்ப வைக்கும் நிரல்களும் இதே வசதியை நம்பித்தான் ஓடுகின்றன. ஒரே நாளில் தடுத்தால் அவை உடையும். எனவே படிப்படியாகப் போனார்கள். 2023 அக்டோபரில் வந்த 3.12 பதிப்பில், ஆபத்தான பெயர்களைத் தடுக்கும் 'ஃபில்டர்' வசதி முறைப்படி வந்தது. அதைக் குறிப்பிடாமல் மூட்டையைப் பிரித்தால் எச்சரிக்கை மட்டும் வரும். இரண்டு ஆண்டு அவகாசத்துக்குப் பிறகு, 2025 அக்டோபரில் வந்த 3.14இல்தான் அந்தத் தடுப்பு கேட்காமலே இயங்கத் தொடங்கியது. இதற்கிடையே 2025 ஜூனில் அந்த ஃபில்டரிலேயே ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டு அவசரமாகத் திருத்தப்பட்டன என்பது தனிக் கதை.

இதையெல்லாம் முடிவு செய்வது யார்? பைத்தானை 1989 டிசம்பரில் ஆம்ஸ்டர்டாமில் எழுதத் தொடங்கியவர் கைடோ வான் ராசம். நீண்ட காலம் இறுதிச் சொல் அவருடையதாகவே இருந்தது. 2018 ஜூலையில் அவர் விலகிக்கொண்டார். 2019 முதல், நிரலில் மாற்றம் செய்யும் உரிமை பெற்ற மையக் குழுவினர் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் 5 பேர் கொண்ட வழிகாட்டுக் குழு நடத்துகிறது. மையக் குழுவில் பெரும்பாலோர் வேறு வேலை பார்த்துக்கொண்டே இதையும் பார்ப்பவர்கள். புகார்கள் 2022 ஏப்ரலிலிருந்து கிட்ஹப் தளத்தில் பதிவாகின்றன. கணக்கு வைத்திருக்கும் எவரும் எழுதலாம். திறந்து கிடக்கும் புகார்கள் எப்போதும் ஆயிரக்கணக்கில்.

அந்தக் குவியலில் உங்கள் புகார் கவனிக்கப்பட வேண்டுமானால், படிப்பவர் அதைத் தன் கணினியில் ஒரே நிமிடத்தில் ஓட்டிப் பார்க்க முடிய வேண்டும். உங்கள் 2,000 வரி நிரலை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். வெட்டி வெட்டி, பிழை இன்னும் நிகழ்கிற மிகச் சிறிய துண்டாக, ஐந்தாறு வரியாகக் கொடுக்க வேண்டும். எந்தப் பதிப்பு, விண்டோஸா லினக்ஸா, என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது என்பதும் வேண்டும். இப்படிச் சுருக்கும்போதே பாதிப் பிழைகள் தன்னுடையவை என்று எழுதியவருக்கே தெரிந்துவிடும்.

மீதியில் கணிசமானவை பிழையே அல்ல. 0.1உடன் 0.2ஐக் கூட்டினால் 0.30000000000000004 வருகிறதே என்ற புகார் அதில் பிரபலமானது. கணினி தசமங்களை இரும எண்ணில் வைப்பதால் வரும் விளைவு அது. ஜாவாவிலும் சி மொழியிலும் இதேதான். ஆனாலும் புதிதாகக் கற்க வந்தவர் ஒவ்வொருவரும் அதிர்ந்து போவதில் ஆச்சரியமில்லை.

தமிழில் நிரல் எழுதுபவர்களுக்கென்றே ஒரு அதிர்ச்சி உண்டு. 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று பைத்தானைக் கேட்டால் 5 என்கிறது. த, மி, ழ் என்று மூன்றெழுத்துதானே? யூனிகோடு முறையில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள். பைத்தான் எண்ணுவது குறியீடுகளை, எழுத்துகளை அல்ல. இது வடிவமைப்பு. இதற்குப் புகார் எழுதினால் மரியாதையாக மூடிவிடுவார்கள். தமிழ் எழுத்துகளாகவே எண்ண வேண்டுமானால் 'ஓப்பன் தமிழ்' போன்ற நிரல்தொகுப்பு இருக்கிறது.

அடுத்ததுதான் சிக்கல். ஒரு பத்தியிலிருந்து சொற்களைப் பிரித்தெடுக்க பல நிரலாளர்கள் ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்ற தேடல் முறையைப் பயன்படுத்துகிறார்கள். அதில் 'சொல்லுக்குள் வரக்கூடிய எழுத்து' என்று பொருள்படும் ஒரு குறி உண்டு. அந்தக் குறியை வைத்துப் பைத்தானிடம் 'தமிழ்' என்பதைக் கொடுத்துச் சொற்களைப் பிரி என்றால், 'தம' என்று ஒரு சொல், 'ழ' என்று ஒரு சொல். இரண்டாக உடைத்துக் கொடுக்கிறது. இகரக் குறியும் புள்ளியும் எழுத்துகள் அல்ல என்று அது முடிவு செய்துவிட்டதால், இரண்டும் வழியிலேயே காணாமல் போகின்றன. இந்தி, மலையாளம், வங்காளம் எல்லாவற்றுக்கும் இதே கதி. வேடிக்கை என்னவென்றால், பைத்தான் 3இல் ஒரு மாறிக்குத் 'தமிழ்' என்றே பெயர் வைக்கலாம். செல்லுபடியாகும் பெயர் என்று அதே மொழி ஒப்புக்கொள்ளும். பெயராக ஏற்கும், சொல்லாக ஏற்காது.

இது பிழையா, இல்லையா? பைத்தானின் ஆவணம் தான் என்ன செய்கிறது என்பதை ஒளிக்கவில்லை, எழுதியபடியே நடக்கிறது. ஆனால் ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்கென யூனிகோடு அமைப்பு வகுத்த வழிகாட்டுதலோ, உயிர்க்குறிகளையும் சொல்லின் பகுதியாகக் கொள்ளச் சொல்கிறது. 2007லும் 2011லும் இதைச் சுட்டிப் புகார்கள் பதிவாகின. ஆண்டுகள் ஓடியும் நடத்தை மாறவில்லை. மாற்றினால், இப்போதுள்ள நடத்தையை நம்பி உலகம் முழுக்க ஓடும் நிரல்கள் வேறு விடை தரத் தொடங்கும் என்பது தயக்கம். 'ரீஜெக்ஸ்' என்ற தனித் தொகுப்பை நிறுவிக்கொண்டால் சரியான விடை கிடைக்கிறது என்பதால் அவசரமும் குறைந்துபோனது. டார் மூட்டைக்குக் கிடைத்ததைப் போலப் படிப்படியான மாற்றம் இதற்கும் சாத்தியம் என்றே நினைக்கிறேன். பாதுகாப்பு ஓட்டைக்கு இருக்கும் பரபரப்பு மொழிச் சிக்கலுக்கு இல்லை, அவ்வளவுதான்.

பிழை என்று ஒப்புக்கொண்ட பிறகு நடப்பது ஒழுங்கான வேலை. திருத்தத்தோடு ஒரு சோதனை நிரலும் சேர்த்து எழுத வேண்டும்: திருத்துவதற்கு முன் ஓட்டினால் தோற்க வேண்டும், பின் ஓட்டினால் தேற வேண்டும். அதே பிழை பிற்காலத்தில் வேறு யாரோ செய்த மாற்றத்தால் திரும்பி வந்தால், அந்தச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும். பிறகு மையக் குழுவில் ஒருவர் வரி வரியாகப் பார்ப்பார். விண்டோஸ், மேக், லினக்ஸ் எனப் பல கணினிகளில் தானாகவே ஓட்டிப் பார்க்கப்படும். தேறினால் முதலில் அடுத்த பதிப்புக்கான கிளையில் சேரும். அங்கிருந்து, இன்னும் பராமரிப்பில் உள்ள பழைய பதிப்புகளுக்கு ஒரு தானியங்கி நிரல் நகலெடுத்துக் கொடுக்கும். ஆண்டுக்கு ஒரு பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் மொத்தம் ஐந்து ஆண்டு ஆயுள். அதில் பிற்பகுதியில் பாதுகாப்புத் திருத்தம் மட்டுமே கிடைக்கும்.

யாருக்கும் நிகழாத பிழையைத் திருத்திய சம்பவமும் உண்டு. பட்டியலை வரிசைப்படுத்த டிம் பீட்டர்ஸ் 2002இல் பைத்தானுக்காக எழுதிய முறை 'டிம்சார்ட்'. பிற்பாடு ஜாவாவும் ஆண்ட்ராய்டும் அதை எடுத்துக்கொண்டன. 2015 பிப்ரவரியில் வெளிவந்த ஓர் ஆய்வில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் சிலர், இந்த முறை சரியானது என்று கணித முறையில் நிரூபிக்க முயன்றார்கள். நிரூபணம் ஓரிடத்தில் நகர மறுத்தது. காரணம், நிரலே தவறு. ஜாவாவில் சுமார் 6 கோடியே 71 லட்சம் உறுப்புகள் கொண்ட பட்டியலைத் தேர்ந்து அமைத்தால் நிரல் விழுந்துவிடும் என்று செய்தே காட்டினார்கள். பைத்தானில் அதே தவறு வெளிப்பட 2இன் 49ஆம் அடுக்கு அளவுக்கு உறுப்புகள் வேண்டும். அத்தனையைத் தாங்கும் கணினி நடைமுறையில் இல்லை.

பைத்தான் குழு தர்க்கத்தையே திருத்தியது, யாருக்கும் பாதிப்பு இல்லாதபோதும். நிஜமாகவே விழக்கூடிய ஜாவாவோ, தர்க்கத்தைத் தொடாமல், உள்ளே ஒதுக்கிய இடத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கியது. 2018இல் வேறொரு ஆய்வுக் குழு அதுவும் போதாது என்று காட்டியது. ஒட்டுப் போட்ட இடத்திலேயே மறுபடி கிழிந்தது.

எல்லாப் புகாரையும் பொதுவில் எழுதக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு பிழையை வைத்துப் பிறர் கணினியை முடக்கவோ திருடவோ முடியும் என்றால், அதைப் பைத்தானின் பாதுகாப்புக் குழுவுக்குத் தனிப்பட்ட முறையில்தான் அனுப்ப வேண்டும். திருத்தம் தயாரான பிறகே ஊருக்குத் தெரியும். இந்த ரகசியத்துக்கும் விலை உண்டு. மிக நீண்ட எண்ணை எழுத்து வடிவிலிருந்து மாற்றச் சொல்லியே ஒரு சர்வரைத் திணறடிக்கலாம் என்பதால், 2022 செப்டம்பரில் 4,300 இலக்கத்துக்கு மேல் மாற்ற முடியாது என்று வரம்பு வைத்தார்கள். வழக்கமான திருத்தப் பதிப்பில், முன்னறிவிப்பே இல்லாமல் வந்தது. பெரிய எண்களோடு விளையாடும் கணிதக்காரர்கள் கொதித்தார்கள். வரம்பை நீக்கிக்கொள்ள வழி இருக்கிறது என்பது மட்டுமே ஆறுதல்.

பைத்தானில் தமிழைக் கையாள்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சொற்கள் உடைந்தால், வரிசை தவறினால், எழுத்துகள் திரையில் தள்ளி விழுந்தால், 'தமிழ் சப்போர்ட் சரியில்லை' என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். முதலில் புதிய பதிப்பில் ஓட்டிப் பாருங்கள். பழைய புகார்களில் தேடுங்கள். இருந்தால் புதிதாக ஒன்று திறக்காமல், அதிலேயே உங்கள் உதாரணத்தைச் சேருங்கள். ஐந்து வரி நிரல், எதிர்பார்த்த விடை, வந்த விடை, இவை போதும். எந்த எழுத்து எங்கே காணாமல் போகிறது என்று தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் எழுதாதவரை, ஆம்ஸ்டர்டாமிலோ கலிபோர்னியாவிலோ இருப்பவருக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை.