காற்றின் வலிமையும் குண்டின் எடையும்

ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு உண்டிவில்லைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நம் பிள்ளைகள் அதை லாஸ்டிக் என்பார்கள். கவையுள்ள ஒரு கிளை, சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய இரண்டு நாடாக்கள், நடுவில் ஒரு தோல் துண்டு, அவ்வளவுதான். அதில் ஒரு காய்ந்த இலைச் சுருளை வைத்து இழுத்து விட்டால் என்ன ஆகும்? விர்ரென்று கிளம்பும், நாலடி போவதற்குள் வேகம் அடங்கி விழுந்துவிடும். கோலிக் குண்டு அளவுள்ள கூழாங்கல்லை வைத்தால் குறி பார்த்த இடத்துக்குப் போகும். கோழி முட்டை அளவுள்ள கல்லை வைத்தாலோ, காலடியிலேயே பொத்தென்று விழும். எதையுமே வைக்காமல் இழுத்து விட்டால் நாடா திரும்பி வந்து விரலைச் சுண்டும்.

உண்டிவில் ஒன்றுதான், இழுத்த கையும் ஒன்றுதான். விளைவுகள் மட்டும் நான்கு. காரணம், விசைக்கு ஏற்ற சுமை இருக்க வேண்டும் என்பதே. சுமை குறைந்தால் மிச்ச விசை கருவியைத் தாக்குகிறது. சுமை கூடினால் விசை போதாமல் போகிறது. காற்றுத் துப்பாக்கிக்கும் அதற்குப் போடும் குண்டுக்கும் உள்ள பொருத்தமும் இதுவே. இன்றைய பேச்சில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

இந்தப் பொருத்தத்தை நமக்கு முன்னரே அறிந்தவர்கள் இம்மண்ணின் ஆதிக்குடிகள். மலாக்கா மாநிலத்தில் வாழும் தெமுவான் மக்களை நீங்கள் அறிவீர்கள். தீபகற்பத்தின் பூர்வகுடியினர் வேட்டைக்குப் பயன்படுத்திய ஊதுகுழலைச் சும்பித்தான் என்பார்கள். அதில் உள்ள வலிமை மனிதனின் மூச்சு மட்டுமே. ஆகவே அதன் அம்பு ஈர்க்குச்சி போல மெலிந்திருக்கும். அதன் அடியில் குழலின் வாய்க்குச் சரியாகப் பொருந்தும்படி மென்மையான நெட்டி ஒன்றைச் செருகியிருப்பார்கள். ஊதிய காற்று பக்கவாட்டில் கசியாமல் முழுவதும் அம்பைத் தள்ளுவதற்காகவே அந்த நெட்டி. இலேசான அம்பு, கசியாத அடைப்பு: இன்றைய தொழிற்சாலைகள் ஈயக் குண்டு செய்யும்போது பின்பற்றும் இரண்டு விதிகளும் இவைதாம்.

இனி காற்றுத் துப்பாக்கிக்கு வருவோம். மலாயில் இதைச் செனாப்பாங் ஆங்கின் என்பர். இதில் வெடிமருந்து இல்லை. பரவலாக உள்ள வகையில் ஒரு வலுவான சுருள் ஸ்பிரிங் இருக்கும். குழலை மடக்கும்போது ஸ்பிரிங் இறுகுகிறது. விசையை அழுத்தியதும் அது விரிந்து ஒரு பிஸ்டனை முன்னே தள்ளுகிறது. சைக்கிள் பம்பில் நடப்பது போல, பிஸ்டனுக்கு முன்னால் உள்ள காற்று நெருக்கப்பட்டுக் குண்டைக் குழல் வழியே துரத்துகிறது. போட்டிகளில் பயன்படும் துப்பாக்கிகளில், ஓர் உருளையில் முன்கூட்டியே அடைத்து வைத்த காற்று இதே வேலையைச் செய்கிறது.

குண்டைக் கூர்ந்து பாருங்கள். உடுக்கையைப் போல இடை சிறுத்திருக்கும். பின்பகுதி உள்ளீடற்ற பாவாடை போல விரிந்திருக்கும். காற்று அழுத்தும்போது மென்மையான ஈயப் பாவாடை சற்றே விரிந்து குழலோடு ஒட்டிக் கொள்கிறது. குழலின் உட்புறத்தில் திருகாணியைப் போன்ற புரிகள் உண்டு. அந்தப் புரிகளில் பதிந்து வருவதால் குண்டு பம்பரம் போலச் சுழன்று நேராகப் போகிறது.

துப்பாக்கியின் வலிமையை ஜூல் என்னும் அளவால் சொல்வார்கள். நூறு கிராம் எடையை ஒரு மீட்டர் உயரம் தூக்க ஏறத்தாழ ஒரு ஜூல் ஆற்றல் வேண்டும். ஒலிம்பிக் வகைத் துப்பாக்கியின் வலிமை ஏறத்தாழ 7.5 ஜூல். அதாவது, முக்கால் கிலோ அரிசியை ஒரு மீட்டர் தூக்கும் ஆற்றல் அரைக் கிராம் ஈயத்துக்குள் புகுந்துவிடுகிறது! அந்தக் குண்டு ஒரு நொடிக்கு சுமார் 170 மீட்டர் வேகத்தில் பறக்கிறது.

வலிமை மிகுந்த துப்பாக்கியில் இலேசான குண்டைப் போட்டால் என்ன நேரும்? காற்றின் அழுத்தம் சரியாக ஏறுவதற்கு முன்பே குண்டு நழுவிப் போய்விடும். பிஸ்டனுக்கு முன்னே மெத்தை போல நின்று தாங்க வேண்டிய காற்று அங்கே இராது. பிஸ்டன் உலோகச் சுவரில் போய் மோதும். சில நூறு முறை இப்படிச் சுட்டால் அடைப்பு வளையம் கிழியும், ஸ்பிரிங் உடையும். குண்டே இல்லாமல் வெறுமனே சுடுவதும் இதே கேட்டைத் தரும். மற்றொரு குறையும் உண்டு. 24 ஜூல் வலிமை 0.45 கிராம் குண்டைத் தள்ளினால் அதன் வேகம் நொடிக்கு 325 மீட்டரைத் தாண்டும். ஒலியின் வேகம் ஏறத்தாழ 345 மீட்டர். அந்த எல்லையை நெருங்கும்போது காற்று அலைகள் குண்டை ஆட்டி அலைக்கழிக்கின்றன. வேகம் கூடியும் குறி தவறுகிறது.

வலிமை குறைந்த துப்பாக்கியில் கனமான குண்டைப் போட்டால் பிஸ்டன் முழுதும் போக முடியாமல் எதிர்த்துத் துள்ளும். குண்டு மெதுவாகக் கிளம்பி, வில் போல வளைந்து கீழே இறங்கும். சில வேளைகளில் குழலுக்குள்ளேயே சிக்கியும் கொள்ளும். அது தெரியாமல் அடுத்த குண்டைப் போடுவது ஆபத்து.

அப்படியானால் எது பொருத்தம்? 4.5 மில்லிமீட்டர் வாயுள்ள துப்பாக்கிக்குப் பொதுவான கணக்கு இது. 8 ஜூல் வரை வலிமை இருந்தால் 0.45 முதல் 0.53 கிராம் வரையுள்ள குண்டு. 8 முதல் 16 ஜூல் வரை 0.5 முதல் 0.56 கிராம். அதற்கு மேற்பட்ட வலிமைக்கு 0.6 முதல் 0.7 கிராம். 5.5 மில்லிமீட்டர் வாய் என்றால், 15 ஜூல் அளவில் 0.9 கிராம் குண்டும், 20 ஜூலுக்கு மேல் ஒரு கிராமும் அதற்குச் சற்றுக் கூடுதலும் பொருந்தும். டப்பாவின் மேல் கிராமுக்குப் பதிலாகக் கிரெய்ன் என்று போட்டிருந்தால், ஒரு கிராம் என்பது 15.4 கிரெய்ன் என்று கொள்க. துப்பாக்கியோடு வரும் கையேடு வேறு எடையைச் சொன்னால் கையேட்டின் சொல்லையே கேட்க வேண்டும்.

எடை மட்டும் பொருந்தினால் போதாது. வாயளவும் வடிவமும் பொருந்த வேண்டும். 4.5 குழலில் 5.5 குண்டு நுழையாது. 5.5 குழலில் 4.5 குண்டு உருண்டு வெளியே விழும். தட்டைத் தலையுள்ள குண்டு காகித இலக்கில் வட்டமான, சுத்தமான துளை போடும். அதனால் போட்டிக்கு அதுவே ஏற்றது. உருண்டைத் தலைக் குண்டு காற்றைக் கிழித்துச் சற்றுத் தொலைவு போகும். எஃகு உருண்டைகளை ஈயக் குண்டுக்கென்று செய்த குழலில் போடக் கூடாது. அவை புரிகளைத் தேய்த்துவிடும். கடினமான பொருளில் பட்டால் சுட்டவரை நோக்கியே திரும்பி வரும். ஒருமுறை சுட்ட குண்டை நிமிர்த்தி மீண்டும் போடுவதும் கூடாது.

பொருத்தத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. உரிமம் பெற்ற சுடுதளத்தில், பயிற்றுநர் முன்னிலையில், துப்பாக்கியை மணல் பையின் மேல் அமர்த்தி, பத்து மீட்டர் தொலைவில் உள்ள காகிதத்தில் ஐந்து முறை சுட வேண்டும். பிறகு வேறு எடையுள்ள குண்டால் ஐந்து முறை. எந்தக் குண்டின் ஐந்து துளைகளும் நெருங்கி விழுகின்றனவோ அதுவே அந்தத் துப்பாக்கிக்கு உற்ற துணை. விலை உயர்ந்த குண்டுதான் நல்லது என்பதில்லை.

இந்த நுட்பத்தை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் உண்டு. பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டி 1984இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். 2012இல் லண்டனில் நம் மலேசியாவின் நூர் சூர்யானி முகமது தைபி, எட்டு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது இந்தப் போட்டியில் பங்கேற்றார். தமிழ்நாட்டின் கடலூரில் 1999இல் பிறந்த இளவேனில் வாலறிவன், 2019இல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றார். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இந்த வாசல் மூடியதல்ல. ஆனால் அதன் வழி முறையான சங்கமும் பயிற்சியுமே அன்றி, லயத்துக்குப் பின்னால் உள்ள வாழைத் தோப்பு அன்று.

இப்போது மிக முக்கியமான செய்தி. போட்டித் துப்பாக்கிக் குண்டின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே அது கண்ணைத் துளைத்துவிடும். குண்டு சில நூறு மீட்டர் பறக்க வல்லது. தோட்டத்தில் லயங்களுக்கும், செம்பனை நிரைகளுக்கும், பிள்ளைகள் நடக்கும் பாதைக்கும் இடையே எத்தனை தூரம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே, இலக்குக்குப் பின்னால் குண்டைத் தாங்கி நிறுத்தும் தடுப்பு இல்லாத இடத்தில் துப்பாக்கியை எடுக்கவே கூடாது. ஈயம் நச்சுப் பொருள். குண்டை உதட்டில் கவ்வுவது தவறு. தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சோற்றில் வைக்க வேண்டும். குழந்தைகளுக்கு எட்டாதபடி டப்பாவைப் பூட்டி வையுங்கள்.

சட்டத்தையும் அறிந்து கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக்கு உறவினரைப் பார்க்கப் போனவர்கள், சென்னை மெரினா கடற்கரையில் காற்றுத் துப்பாக்கியால் பலூன் சுடும் கடைகளைக் கண்டிருப்பார்கள். இந்தியாவில் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி, 20 ஜூலுக்கும் 4.5 மில்லிமீட்டருக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. அதை நம்பி ஒன்றை வாங்கி வந்துவிட்டால் பெருந்தொல்லை! மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ்க் காற்றுத் துப்பாக்கியும் ஓர் ஆயுதமே. உரிமமின்றி வைத்திருந்தால் ஏழாண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். பெட்டியில் வைத்துக் கொண்டு வந்தாலும், இணையத்தில் வரவழைத்தாலும் சட்டம் ஒன்றே. விளையாட்டுச் சாமான் என்று எண்ணினேன் என்று சொன்னால் வழக்கு நின்றுவிடாது. பறவைகளைச் சுடுவதற்கு 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது. அதிலும், செம்பனைக் காட்டில் எலிகளைத் தின்று பழத்தைக் காக்கும் கூகையைச் சுடுவது, நம் கூலியைக் காக்கும் காவலாளியைச் சுடுவதற்கு ஒப்பாகும்.

ஆகவே நேயர்களே, துப்பாக்கியின் வலிமையை முதலில் அறிந்து, பிறகு குண்டைத் தேர்ந்தெடுப்பதே முறை. குண்டு எங்கே போய் நிற்கும் என்று தெரியாவிட்டால் எந்தக் குண்டும் பொருத்தமானதன்று. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ உரிமமில்லாத காற்றுத் துப்பாக்கி இருப்பது தெரிந்தால், அதைப் பிள்ளைகள் கையில் எடுக்கும் முன், நல்ல வழக்கறிஞர் ஒருவரிடம் யோசனை கேட்டுக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க ஏற்பாடு செய்யுங்கள். நாளைக்கு என்று தள்ளிப் போட வேண்டாம்.