ஆராதனைக்கு நேரமாச்சே!
போன மாசம் ஒரு ஞாயிறு. சர்ச்சுக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டு ஆத்தா ஓடி வந்தார். "கண்ணு, மருமகளுக்கு வலி வந்திருச்சு. பையன் வெளியூரு. ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வர்றியா?" ஆராதனைக்கு நேரமாச்சே என்று ஒரு நிமிடம் தயங்கினேன். மறைப்பானேன்!

ஐடா ஸ்கடர் அம்மையார் நினைவுக்கு வந்தார். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர், பிரசவ வலியில் துடிக்கும் மனைவியைக் காப்பாற்ற அவரைக் கூப்பிட வந்தார்கள். ஆண் டாக்டர் தொடக்கூடாதாம். அவரோ அப்போது வைத்தியம் படிக்காத இளம்பெண். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். அதன்பிறகுதான் அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்து, 1900-இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியும் ஆரம்பித்தார். இன்றைய சி.எம்.சி. அப்படி வளர்ந்ததுதான்.

நான் பத்தாவது படித்தவள். எனக்கு ஆட்டோ பிடிக்கவும், பிளாஸ்க் தூக்கவும், வலிக்கும்போது கையைப் பிடித்துக்கொள்ளவும்தான் தெரியும். அதைச் செய்தேன். சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது.

"இன்னைக்கு ஆராதனை போச்சா?" என்றார் வீட்டுக்காரர். "ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே ஜெபம் பண்ணிட்டேனுங்க" என்றேன். சிரித்துக்கொண்டே, அவரே எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார்.

- ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்