மீனாட்சியின் வலக்கை

1579இல் வெளிவந்த கிறிஸ்டோபர் சாக்ஸ்டனின் நிலப்பட நூலைத் திறந்தால் இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் அரியணையில் வீற்றிருப்பார். செப்புத் தகட்டில் கோடு கோடாகக் கீறி, கீறலில் மை இறக்கி, மேலே படிந்ததைத் துடைத்துவிட்டு, ஈரத்தாளை வைத்து உருளையில் அழுத்தி எடுத்த படம். நேரில் காண வாய்க்காத குடிகளுக்கு அந்தத் தாள்தான் ராணி. அதனால்தான், ஒப்புதல் பெற்ற மாதிரி முகம் ஒன்று வரும்வரை யாரும் அவரை வரையலாகாது என்று 1563இலேயே ஓர் ஆணைக்கு வரைவு எழுதினார்கள். கரிசல் பூமியில் இதற்கு இணையாக நான் காட்டுவது, கோவில்பட்டி ஓவியர் சி. கொண்டையராஜு (1898–1976) வரைந்த மீனாட்சி திருக்கல்யாணக் காலண்டரை. அது சாமி படமாயிற்றே, அரசியின் படமாகுமா என்று கேட்கலாம். மதுரையில் சித்திரைத் திருவிழாவில் மீனாட்சிக்கு முடி சூட்டிச் செங்கோல் கொடுக்கிறார்கள். ஆவணியில் சொக்கர் பட்டமேற்கும்வரை ஆட்சி அவளுடையது. இதைவிடத் தெளிவாக ஓர் அரசியைச் சொல்ல முடியாது.

அச்சுத் தொழிலில் என்னை மிகவும் ஈர்ப்பது இடவல மாற்றம். தகட்டில் இருப்பது தாளில் கண்ணாடிப் பிம்பம்போலத் திரும்பி விழும். மூலத்தைப் பார்த்து அப்படியே செதுக்கினால் வலக்கைச் செங்கோல் இடக்கைக்குப் போய்விடும். திருக்கல்யாணப் படத்தில் அப்படி நேர்ந்தால் திருமால் தாரைவார்க்க மணமகன் பற்றுவது இடக்கையாகிவிடும். அதைக் கல்யாணம் என்று எவரும் ஒப்பமாட்டார்கள். மதுரைக் கோயிலில் அம்மன் சந்நிதி சொக்கருக்கு வலப்புறம் இருப்பதையே அவள் ஆட்சிக்குச் சான்றாகச் சொல்லும் ஊர் இது. ஆகவே பழைய கல்லச்சுக்காரர்கள் கல்லின்மேல் எல்லாவற்றையும் திருப்பியே எழுதினார்கள். ஆஃப்செட்டில் தகட்டிலிருந்து ரப்பர் விரிப்புக்கு ஒரு திருப்பம், விரிப்பிலிருந்து தாளுக்கு மறு திருப்பம். கை தன் இடத்துக்கே வந்துவிடுகிறது. ஆள்பவரின் படத்துக்கு உயிர் முகச்சாயலைவிட இத்தகைய அடையாளங்களில்தான் இருக்கிறது. அவை பிசகாமல் வந்த ஒவ்வொரு தாளும் முழுமையான படம்.

கையால் வரைந்த மூலம்தானே கலை, காலண்டர் வெறும் நகல் என்பார்கள். எலிசபெத்தின் படமும் தாளில் பரவவென்றே செதுக்கப்பட்டது; அத்தகைய அச்சுத் தாள்களை பிரிட்டிஷ் அருங்காட்சியகம் இன்றும் பேணுகிறது. நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதிய ராஜுவுக்கும் கூட்டத்துக்காக வரைவது புதிதன்று. மழை பொய்க்கும் இந்த வறண்ட மண்ணில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றி, அதன் லேபிளுக்காகச் சிவகாசியில் அச்சகங்கள் பெருகி, காலண்டர்கள் பிறந்தன. அவற்றை வருடம் முடிந்ததும் குப்பையில் போடுவது நம் கைவினை வரலாற்றைப் போடுவதுதான். படத்தின் அடியில் அச்சகத்தின் பெயரும், தந்த கடையின் பெயரும் இருக்கும். அந்த ஓரத்தையும் சேர்த்தே பழைய காலண்டர்களைப் பத்திரப்படுத்த வேண்டும். தேதித்தாள் தீர்ந்த பிறகும் மீனாட்சியைச் சட்டமிட்டு மாட்டிய வீடுகளிலிருந்தே அந்தச் சேகரிப்பைத் தொடங்கலாம்.