ப்ளூடூத் சாவி ஏன் சுருங்கியது?

ஹெட்போனும் போனும் ஜோடி சேரும்போது ரகசியச் சாவி ஒன்று உருவாகிறது. அதற்குப் பிறகு நம் பேச்சு பூட்டப்பட்டே காற்றில் செல்கிறது. அப்படியும் ஒட்டுக்கேட்க முடிந்தது எப்படி?

2019-இல் அன்டோனியோலி, டிப்பன்ஹாவர், ராஸ்முசென் ஆகிய ஆய்வாளர்கள் ‘நாப்’ என்ற தாக்குதலை விளக்கினார்கள். ஒவ்வொரு இணைப்பின்போதும், பூட்டும் சாவி எத்தனை பைட் வலிமையோடு இருக்க வேண்டும் என்று இரு கருவிகளும் பேசி முடிவு செய்கின்றன. அப்போது 1 முதல் 16 வரை எதுவும் விதிப்படி சரியாக இருந்தது. ஆனால் அந்தப் பேரம் மட்டும் பூட்டில்லாமல் நடக்கிறது. பேசுவது யார் என்ற சோதனையும் இல்லை. அருகிலிருந்து நடுவே புகுபவர் 16-ஐ 1 ஆக்கிவிட்டால் இரு கருவிகளும் மறுபேச்சின்றி ஏற்றன. ஒரு பைட்டில் 256 சாத்தியங்கள்தான். ஏடிஎம் பின் எண்ணுக்கே 10,000 உண்டு! அந்த 256-ஐயும் முயன்று பார்ப்பது கணினிக்குக் கண்ணிமைக்கும் நேர வேலை.

இவ்வளவு சிறிய சாவியை ஏன் அனுமதித்தார்கள்? மறையாக்கம் குறித்த சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறுபட்டதால் வைத்த நெகிழ்வு அது. குறை விதியிலேயே இருந்ததால், பல நிறுவனங்களின் சில்லுகளும் ஒருசேர அகப்பட்டன.

பின்னர் குறைந்தபட்சம் 7 பைட் என்று பரிந்துரைக்கும்படி விதி திருத்தப்பட்டது. என் பார்வையில் அது போதாது. 7 பைட் என்பது 56 பிட். அதே நீளச் சாவி கொண்ட டெஸ் என்ற மறையாக்க முறையை 1998-லேயே உடைத்துவிட்டார்கள்.